கடலோரப் பள்ளியில் கைப்பேசி வழிப் பாடம்: புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடைப்பட்ட ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். கைப்பேசி, டேப்லெட், தொலைக்காட்சித் திரை ஆகியவற்றை வகுப்பில் உருப்படியாகப் பயன்படுத்தத் தொடங்குவதற்குள் எனக்கு ஒரு கல்வியாண்டு முழுவதும் கழிந்தது; சொந்தப் பணத்தில் ரூ.7,400 வீணாயிற்று. கருவிகளைக் கையாளத் தெரியாததால் வந்த இழப்பு இல்லை அது. ஒப்புதல் தாள்களை முடிக்காமல் பொருளை வாங்கினேன், இணையம் இருக்கும் என்று நம்பி வகுப்புக்குள் போனேன், உப்புக்காற்றை மறந்தேன். இந்த மூன்றிலும் நீங்கள் சிக்காமல் இருப்பதற்காகவே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. வாங்கும் முன் ஒரு வாரம் வகுப்பறையைக் கவனியுங்கள்

முதல் வாரம் எதையும் வாங்காதீர்கள். ஒரு குறிப்பேடு மட்டும் போதும். உங்கள் வகுப்பறையில் மின்செருகி எந்தச் சுவரில் இருக்கிறது, அது வேலை செய்கிறதா, காலை முதல் பாடவேளையிலும் பிற்பகல் கடைசிப் பாடவேளையிலும் வெயில் எந்தச் சன்னல் வழியாகக் கரும்பலகைமேல் விழுகிறது, கடைசி வரிசைப் பிள்ளைக்கும் பலகைக்கும் எத்தனை அடி தூரம் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தையும் இதே போல் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை சோதியுங்கள். எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் அறையின் வாசலில் நான்கு கோடு காட்டும் அலைவரிசை, எட்டாம் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒற்றைக் கோடாகிவிடும்.

ராமேசுவரம் தீவின் கோடியில், குறிப்பாகத் தனுஷ்கோடிப் பக்கம் பணிபுரிவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது என்பதால் கைப்பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ள முயல்வதுண்டு. நெட்வொர்க் தேர்வைத் தானியங்கி நிலையிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே நிறுத்திவிடுங்கள். சர்வதேச ரோமிங் அணைந்திருப்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பள்ளியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதையும் அதே வாரத்தில் பாருங்கள். அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கையடக்கக் கணினி வழங்கியிருக்கிறது. பல பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டும் உண்டு. பீரோவுக்குள் உறை பிரிக்காத ஸ்பீக்கர் இருக்க, நான் வெளியில் ஒன்று வாங்கினேன். இருப்புப் பதிவேட்டைப் புரட்டியிருந்தால் அந்தச் செலவு இல்லை.

2. தாள்கள் முதலில், பொருள் பிறகு

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டித்தான் போனேன். இதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எந்தக் கருவி, அது பள்ளியினுடையதா உங்களுடையதா என்பவை அதில் இருக்க வேண்டும். சொந்தக் கைப்பேசியைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அதன் தயாரிப்புப் பெயரையும் எழுதி, தலைமையாசிரியரின் ஒப்புதல் கையொப்பத்துடன் ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் கைப்பேசியும் கையுமாக நிற்கும் ஆசிரியரைப் பார்வையிட வரும் அலுவலர் என்ன நினைப்பார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நகல் அப்போது உதவும்.

அடுத்து, பள்ளிப் பணத்தில் வாங்குவதாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வேண்டும். மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் கீழ் வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 31 முதல் 100 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.25,000 என்பது வரையறை. அதில் ஒரு பகுதி தூய்மைப் பணிக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும், சுண்ணாம்பும் மின்விளக்கும் குடிநீர்க் குழாயும் அதிலிருந்தே வர வேண்டும். ஆகவே மொத்தத் தொகையையும் கருவிக்குக் கேட்காதீர்கள், கிடைக்காது. குழுக் கூட்டம் எந்த நாளில் என்று முன்பே கேட்டு, கருவியின் பெயர், தோராய விலை, குறைந்தது மூன்று கடைகளின் விலைப்புள்ளி ஆகியவற்றுடன் போங்கள். தீர்மான எண்ணும் நாளும் பற்றுச்சீட்டின் நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பொருளை வாங்கிவிட்டுப் பின்னர் தீர்மானம் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பற்றுச்சீட்டில் நான் செய்த தவறு இது: இணையக் கடை ஒன்றில் என் கணக்கிலிருந்து, என் பெயருக்கே பில் போட்டு ஒரு புரொஜெக்டர் வாங்கினேன். பள்ளியின் பெயர் அதில் எங்கும் இல்லை என்பதால் தணிக்கையில் அது செல்லவில்லை. பொருளும் பயன்படவில்லை, பணமும் திரும்பவில்லை. பள்ளியின் முழுப்பெயர், முகவரி, கடையின் ஜி.எஸ்.டி. எண், கருவியின் வரிசை எண் ஆகிய நான்கும் பில்லில் இருக்கின்றனவா என்று கடையை விட்டு இறங்கும் முன்பே பாருங்கள். வெப்பத் தாளில் அச்சான பில் ஒரு மழைக்காலத்துக்குள் வெளுத்துப் போகும். அன்றே நகலெடுத்து மூலத்துடன் சேர்த்துத் தைத்துவையுங்கள்.

பொருள் வந்த நாளிலேயே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். கைப்பேசியோ சிம் போடக்கூடிய டேப்லெட்டோ என்றால் *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் (கருவிக்கு உரிய தனி அடையாள எண்) எழுதுங்கள். அது ஏன் என்பது எட்டாவது படியில் வரும்.

மூன்றாவதாக, பெற்றோர் ஒப்புதல். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், ஊரில் உறவு கெடாமல் இருக்கவும் இது தேவை. ஒப்புதல் தாள் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்: “வகுப்பில் என் பிள்ளையின் ஒளிப்படம், காணொளி, குரல் ஆகியவற்றைப் பாடத்துக்காக மட்டும் பதிவு செய்ய ஒப்புக்கொள்கிறேன். அவற்றை வாட்ஸ்அப் குழுவிலோ வேறு சமூக ஊடகத்திலோ பகிர ஒப்புதல் இல்லை.” இரண்டாவது வாக்கியம் முதலில் என் தாளில் இல்லை. கடற்பாசி எடுக்கப் போகும் ஒரு தாய், தாளை வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “படம் எடுக்கிறது சரி டீச்சர், அது வெளிய போயிரக் கூடாது, அதையும் இதுல எழுதுங்க” என்றார். எழுதிய பிறகுதான் கையெழுத்திட்டார். அவர் சொன்னதே சரி.

3. எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

நான் இப்போது பயன்படுத்துபவையும் அவற்றுக்குக் கொடுத்த விலையும்: 64 ஜி.பி. மெமரி கார்டு ரூ.600, 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் ரூ.1,200, கைப்பேசியை மேசைமேல் நிறுத்தும் தாங்கி ரூ.450, கேமராவின்மேல் கவ்விக்கொள்ளும் உருப்பெருக்கி வில்லை ரூ.350, 32 ஜி.பி. பென் டிரைவ் ரூ.350. மொத்தம் மூவாயிரத்துக்குள். உங்கள் ஊரில் நூறு இருநூறு முன்பின் இருக்கலாம். இவ்வளவையும் வைத்து ஒரு பருவம் நடத்திப் பார்த்துவிட்டுப் பிறகு திரையைப் பற்றி யோசியுங்கள்.

திரையில்தான் பொறிகள் அதிகம். ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்கு விற்கும் சிறிய புரொஜெக்டர்களின் அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமென் (வெளிச்ச அளவு) என்று போட்டிருக்கும். அந்த எண் உங்களுக்குப் பயன்படாது; ‘ஆன்சி லூமென்’ (தர முறைப்படி அளந்த வெளிச்சம்) எவ்வளவு என்று கேளுங்கள், விற்பவர் விழித்தால் வந்துவிடுங்கள். சன்னலுக்கு இரட்டைக் கதவு கூட இல்லாத நம் வகுப்பறைகளில், கடற்கரை மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில், 3,000 ஆன்சி லூமெனுக்குக் குறைந்த எதுவும் பகலில் தெரியாது. அத்தகைய புரொஜெக்டர் முப்பதாயிரத்துக்கு மேல் போகும். அதற்குப் பதில் 43 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று இருபது, இருபத்தைந்தாயிரத்துக்குள் கிடைக்கும். முப்பது பிள்ளைகளுக்குப் போதும், விளக்கு மாற்ற வேண்டியதில்லை, சன்னலை அடைத்துப் பிள்ளைகளைப் புழுக்கத்தில் வைக்கவும் வேண்டியதில்லை.

அடுத்த பொறி, கைப்பேசியைத் திரையுடன் இணைக்கும் அடாப்டர். டைப்-சி முனையிலிருந்து தொலைக்காட்சியின் ஹெச்.டி.எம்.ஐ. துளைக்கு மாற்றும் அடாப்டரைத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்து செருகினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் மாற்றித் தந்த இரண்டாவதும் அப்படியே. கோளாறு அடாப்டரில் இல்லை. பெரும்பாலான குறைந்த விலைக் கைப்பேசிகளின் டைப்-சி துளை சார்ஜ் ஏற்றவும் கோப்பு மாற்றவும் மட்டுமே செய்யும், படத்தை வெளியே அனுப்பாது. உங்கள் கைப்பேசியின் விவரக்குறிப்பில் ‘டிஸ்ப்ளேபோர்ட்’ என்று இருந்தால் மட்டுமே அடாப்டர் வாங்குங்கள். இல்லையென்றால் தொலைக்காட்சியில் ‘மிராகாஸ்ட்’ அல்லது ‘ஸ்கிரீன் மிரரிங்’ வசதி இருக்கிறதா என்று பாருங்கள்; மிராகாஸ்டுக்கு இணையம் வேண்டாம், இரு கருவிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். வாங்கும்போது உங்கள் கைப்பேசியையே கடைக்குக் கொண்டுபோய் இணைத்துப் பாருங்கள். விற்பனையாளர் தன் கைப்பேசியில் காட்டுவதைப் பார்த்துத் திரும்பி வராதீர்கள்.

4. உப்பும் மணலும்

உள்நாட்டு ஆசிரியர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மெல்லிய மணல் எல்லாத் துளைக்குள்ளும் போகும். வாடைக் காலத்தில் ஈரம் ஏறும். இரண்டிலும் உப்பு இருக்கும். சார்ஜ் முனையின் உலோகத்தில் பச்சை படிந்தால் அது உப்பின் வேலை. முதலாண்டில் என் பவர் பேங்க் ஐந்து மாதத்தில் இப்படித்தான் போயிற்று.

காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள், முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்குள் சிலிக்கா ஜெல் கால் கிலோ, துணிப் பையில் கட்டி வையுங்கள். ஈரம் உறிஞ்சியதும் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் குளோரைடு சேர்ந்திருக்கும், பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கு அது வேண்டாம். ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகையைக் கேட்டு வாங்குங்கள். நிறம் மாறியதும், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய சட்டி ஒன்றில் இளந்தீயில் வறுத்தால் மீண்டும் பயன்படும். அரிசிக்குள் கைப்பேசியைப் புதைத்து வைப்பதால் பயனில்லை, மாவுத்தூள்தான் துளைக்குள் போகும்.

வாரம் ஒரு முறை, கருவியை அணைத்துவிட்டு, காய்ந்த மென்தூரிகையால் துளைகளைத் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் ஈரம்தான். சன்னலோரம் சார்ஜ் போடாதீர்கள். தொலைக்காட்சியைக் கடலைப் பார்த்த சுவருக்கு எதிர்ச் சுவரில் மாட்டாமல், காற்று நேரே வந்து அடிக்காத பக்கச் சுவரில் மாட்டி, பழைய வேட்டித் துணியில் ஓர் உறை தைத்துப் போடுங்கள்.

5. முந்தின நாள் மாலையே வேலையை முடியுங்கள்

வகுப்புக்குள் நுழையும்போது கைப்பேசி விமானப் பயன்முறையில் (ஏர்பிளேன் மோட்) இருக்க வேண்டும் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. இணையம் இல்லாமல் நடத்த முடியாத பாடத்தை அன்று கைப்பேசியில் நடத்துவதில்லை. இதனால் எல்லா வேலையும் முந்தின மாலைக்குப் போய்விடுகிறது. நாற்பது நிமிடப் பாடத்துக்கு நாற்பது நிமிட ஆயத்தம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள விரைவுத் துலங்கல் குறியீடுகளை (க்யூ.ஆர். கோடு) திறக்க, அரசின் கல்வித் தளமான திக்‌ஷா செயலி போதும். குறியீட்டுப் படம் கிழிந்தோ மை கொட்டியோ இருந்தால், அதன் கீழே அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்துக் குறியைத் தட்டச்சு செய்தாலும் அதே பாடம் வரும். பார்த்ததோடு நிற்காமல் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் திக்‌ஷாவில் இறக்கியது அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும். பென் டிரைவில் நகலெடுத்துத் தொலைக்காட்சியில் போட முடியாது. பென் டிரைவுக்கு நீங்களே எடுத்த எம்.பி.4 காணொளிகள்தான் பொருந்தும்.

இயற்பியலுக்கு இரண்டு இலவசப் பொருள்கள் எனக்குக் கைகொடுத்தன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் தரும் ‘ஃபெட்’ செயல்விளக்கங்களைக் கோப்பாக இறக்கிவைத்தால் இணையமின்றி ஓடும்; பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ செயலி, கைப்பேசிக்குள் இருக்கும் உணரிகளையே அளவுக் கருவிகளாக்கிவிடுகிறது. தனி ஊசல் பாடத்துக்கு அதை விஞ்ச ஒன்றில்லை. செயலிகளைத் தேடிக்கொண்டே போனால் முடிவே இல்லை. இரண்டோ மூன்றோ போதும்.

கடைசியாக, சார்ஜ் முழுமையாக இருக்கிறதா, ஒலி கேட்கிறதா, காணொளி எந்த நிமிடத்தில் தொடங்க வேண்டும் என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு படுங்கள். மின்சாரம் போனால் நடத்த வேண்டிய கரும்பலகைப் பாடத்தையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.

6. வகுப்புக்குள்

முதலில் அறிவிப்புகளை அணையுங்கள். ஒரு முறை செரிமான மண்டலத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது, நகைச் சீட்டுத் தவணை கட்டவில்லை என்ற நினைவூட்டல் என் பெயரோடு சுவரளவு எழுத்தில் வந்து நின்றது. பிள்ளைகள் மரியாதையாகச் சிரிக்காமல் இருந்தார்கள், அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. ‘தொந்தரவு செய்யாதே’ நிலையை இயக்குங்கள். கைப்பேசியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதாக இருந்தால் ‘ஆப் பின்னிங்’ போட்டு, விலகும்போது கடவு எண் கேட்கும்படி அமைத்துவிடுங்கள், அந்தச் செயலியை விட்டு அவர்கள் வெளியே போக முடியாது.

கரும்பலகையில் வரைந்து காட்ட முடிந்ததைத் திரையில் காட்டாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் பிறந்ததிலிருந்து தெரியும்; அம்மா கொண்டுவந்து மணலில் காயப்போடுவதை மிதித்துக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறார்கள். பாசிகள் பற்றிய பாடத்தன்று ஒரு பிடி கஞ்சிப்பாசியைக் கொண்டுவரச் சொல்லி, வெள்ளைத் தட்டில் கடல்நீர் விட்டு மிதக்கவைத்து, வில்லை பொருத்திய கைப்பேசியைத் தாங்கியில் தலைகீழாக நிறுத்தித் திரையில் காட்டினேன். கிளைகளின்மேல் கடுகில் பாதி அளவுக்குப் புடைப்புகள் தெரிந்தன. “இது கல்லுப் பிடிச்சதில்லையா?” என்று ஒரு பையன் கேட்டான். இனப்பெருக்க உறுப்பு என்ற சொல்லை அன்று பாடநூலிலிருந்து நான் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. கேள்விக்குப் பதிலாகவே அது வந்தது. அகர் எடுக்க இந்தப் பாசிகளைத்தான் வாங்குகிறார்கள் என்பதை அவர்கள் எனக்குச் சொன்னார்கள், கிலோ விலையோடு. தட்டுக்கும் கைப்பேசிக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளியாவது இருக்கட்டும்; கடல்நீர் ஒரு சொட்டுத் தெறித்தாலும் போதும், நான்காவது படி முழுவதும் வீண்.

ஒரே கைப்பேசியை வைத்து முப்பது பேரிடமும் விடை வாங்க ‘ப்ளிக்கர்ஸ்’ அட்டைகள் உதவும். ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையைத் தன் விடைக்கேற்பத் திருப்பிப் பிடிக்க, நீங்கள் கேமராவை வகுப்பின்மேல் ஓட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். அட்டைகளை இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம். அவற்றுக்குப் பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள். ஒளி தெறித்துக் கேமரா படிக்காது, நான் நாற்பது அட்டைக்குப் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதற்கு மட்டும் இணையம் தேவைப்படுவதால், அலைவரிசை கிடைக்கும் வராந்தாவில் உட்காரவைத்து நடத்துகிறேன்.

ஒரு பாடவேளையில் திரை பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் எரிய வேண்டாம் என்பது என் கருத்து. பதினைந்தாவது நிமிடத்தில் பின்வரிசையில் தலை சாய்வதைப் பார்த்திருக்கிறேன்.

7. வீட்டுக்கு அனுப்பும் பாடம்

மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பதே நம் நடைமுறை. அதை மாற்ற முயலாதீர்கள். வாட்ஸ்அப் வழியாக வீட்டுக்கு அனுப்பும்போது கடலின் நாள்காட்டியையும் பாருங்கள். ராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகின்றன. வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசி அப்பாவோடு படகில் போய்விடும். அந்த நாள்களில் அனுப்பிய காணொளியைப் பார்க்கவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொண்டு பிறகு வருந்தினேன். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும் இதே சிக்கல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடியும் தறுவாயில் பல வீடுகளில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். ஜூலை பிறக்கும் வரை வீட்டுப்பாடத்தைத் தாளிலேயே கொடுங்கள். அதன் பிறகும் இரண்டு நிமிடக் குரல் பதிவு போதும். காணொளியைவிடத் தரவும் குறைவு, அடுப்படியில் நிற்கும் அம்மாவும் சேர்ந்து கேட்பார்.

8. தொலைந்தால், பழுதானால்

தொலைந்த அன்றே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்துக் கருவியை முடக்கலாம். புகார் நகல், வாங்கிய பில், அடையாளச் சான்று ஆகியவை கேட்கப்படும். இரண்டாவது படியில் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். பெட்டியின் மேலும் அந்த எண் இருக்கும் என்றாலும், பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கும் பள்ளியை நான் இதுவரை பார்த்ததில்லை.

பழுதுக்கு, உத்தரவாதக் காலம் முடியும் நாளைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். ஈரத்தால் வந்த பழுதை நிறுவனங்கள் பெரும்பாலும் உத்தரவாதத்தில் ஏற்பதில்லை. எனவே ஓராண்டு உத்தரவாதம் என்று எழுதியிருந்தாலும் நம் கரையில் அதை முழுதாக நம்பிச் செலவுத் திட்டம் போடாதீர்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயைப் பழுதுக்கென்று தனியாகக் காட்டித் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

9. கோடை விடுமுறைக்கு முன்

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளின் படங்களையும் குரல் பதிவுகளையும் கைப்பேசி, மெமரி கார்டு, இணையத்திலுள்ள மேகச் சேமிப்பு ஆகிய மூன்றிலிருந்தும் அழியுங்கள்; மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். மின்கலத்தைப் பாதியளவு சார்ஜில் நிறுத்தி அணைத்துவையுங்கள். முழுதாக ஏற்றியோ முற்றிலும் வற்றவிட்டோ இரண்டு மாதம் போட்டுவைத்தால் அது கெடும். சிலிக்கா ஜெல்லைப் புதிதாக வறுத்து டப்பாவுக்குள் வைத்து, மூடியின் ஓரத்தில் ஒட்டுநாடா சுற்றி, மேலே நாளை எழுதுங்கள். தொலைக்காட்சியின் செருகியைப் பிடுங்கி, கம்பியைச் சுருட்டி, எலி எட்டாத உயரத்தில் கட்டுங்கள். டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பதிவேட்டில் அவருடைய கையொப்பத்தை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.